கம்பளி தரும் உயிர்களும் இல்லறத்தார் கடமையும்

கொல்லாமை நம் அறத்தின் ஆணிவேர். ஊன் உண்ணாமை, இரவுண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகியன நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகின்றன. ஆயினும் விலங்கின் உயிரைப் போக்காமலே அதன் உடலிலிருந்து நாம் பெறும் பொருள்கள் சில உள. பால், சாணம், உரோமம் என்பன அவை. பாலைப் பற்றி நம்மிடையே ஓரளவு ஆராய்ச்சி நடைபெறுகிறது. உரோமத்தைப் பற்றிச் சிந்தித்தோர் குறைவு. முதியோர் மார்கழிக் குளிருக்குப் போர்த்தும் சால்வையும், குளிர் நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் அணியும் மேலாடையும் ஏதோ ஓர் உயிரின் முதுகில் வளர்ந்தவையே.

அண்மைக் காலத்தில் கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரையிலும், மேற்கே செங்கல்பட்டு வரையிலும் சிறு பண்ணைகள் பல தோன்றியுள்ளன. "அல்பாக்கா என்னும் விலங்கைக் கொல்லாமலே வருவாய் பெறலாமாமே, அதனை நாம் வளர்க்கலாமா?" என நிலமுடைய நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். இவ்வினாவினுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. உரோமம் கத்தரித்தல் இம்சையா? அதனை எவ்வாறு செய்தல் வேண்டும்? நம் மண்ணில் எவ்வுயிரை, எந்நிலையில் நாம் பேணலாம்? இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

அல்பாக்கா

அல்பாக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கும் குளிர்ந்த புல்வெளிகளே அதன் தாயகம். பெரு நாட்டில் இது மிகுதியாக உண்டு. விக்குன்யா என்னும் காட்டு விலங்கிலிருந்து ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் மலைமக்கள் இதனைப் பழக்கினர். வளர்ந்த அல்பாக்கா 50 முதல் 80 கிலோ எடையிருக்கும். பாதத்தில் குளம்புக்கு மாறாக மெத்தையும் நகமும் உண்டு. கூட்டமாக வாழும் இயல்புடையது. தனித்து வைத்தால் நலிவுறும். ஆண்டுக்கு ஒருமுறை கோடையின் முன்னர் அதன் உரோமத்தைக் கத்தரிப்பர்.

அல்பாக்காவின் முன்னோரான விக்குன்யாவிடம் மலைமக்கள் கையாளும் முறை நாம் அறியத்தக்கது. இன்கா அரசர் காலம் முதல் வழங்கும் 'சாக்கு' என்னும் வழக்கத்தின்படி, ஊரார் கைகோத்து நின்று காட்டு விக்குன்யாக்களை மெல்ல வளைத்து, உரோமத்தைக் கத்தரித்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுவர். இடைக்காலத்தில் துப்பாக்கி வேட்டையால் 1960களில் இவ்வினம் சில ஆயிரங்களாகக் குறைந்தது. பின்னர்ச் சட்டப் பாதுகாப்பினால் மீண்டும் பல்கியது. கொன்று எடுத்தபோது உயிரும் அழிந்தது, உரோமமும் அருகியது. உயிரோடு விட்டபோது இரண்டும் நிலைத்தன.

உதிரும் பீலியும் உதிராத உரோமமும்

நம் திகம்பர முனிவர்கள் கையில் ஏந்தும் பிஞ்சி மயிற்பீலியால் ஆனது. மழைக்காலம் கழியும்போது மயில் தன் தோகையைத் தானே உதிர்க்கும். அவ்வாறு உதிர்ந்த பீலியே பிஞ்சிக்கு உரியது. அதனை வலிந்து பறித்தல் அறமன்று. சுவேதாம்பர மரபில் முனிவர் ஏந்தும் இரஜோஹரணம் கம்பளி இழைகளால் ஆனது. சிற்றுயிர்களை நோகாது விலக்குவதற்கென அமைந்த கருவியிலேயே கம்பளி இடம்பெற்றிருப்பதால், உரோமம் என்ற பொருளை நம் சமயம் முற்றாக ஒதுக்கவில்லை என்பது விளங்கும்.

மயில் தானே உதிர்க்கிறது. ஆடு ஏன் உதிர்ப்பதில்லை? காட்டில் வாழ்ந்த தொன்மையான ஆடுகள் பருவந்தோறும் உரோமம் உதிர்த்தவையே. மிகுதியான கம்பளி வேண்டி மனிதன் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து இணைசேர்த்தமையால், உதிரும் இயல்பைக் கம்பளியாடுகள் பெரிதும் இழந்தன. அவற்றைக் கத்தரிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இரு சான்றுகள் உள. நியூசிலாந்தில் ஆறு ஆண்டுகள் குகைகளில் மறைந்து வாழ்ந்து 2004ஆம் ஆண்டு பிடிபட்ட ஓர் ஆட்டின் உடலிலிருந்து 27 கிலோ கம்பளி எடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரருகே 2015ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட மற்றோர் ஆட்டின் சுமை 40 கிலோவைக் கடந்திருந்தது. அத்தகைய பாரத்தைத் தாங்கும் விலங்கு நடக்கவும் இயலாது துன்புறும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த இடத்தில் ஈக்கள் முட்டையிட, புழுக்கள் தோலைத் துளைக்கும்.

ஆகவே, கம்பளியாட்டைக் கத்தரித்தல் அதற்கு நாம் செய்யும் உதவி எனப் பெருமை கொள்வதற்கில்லை. நம் முன்னோர் ஏற்றிவைத்த சுமையை ஆண்டுதோறும் இறக்கி வைக்கும் கடன் அது. கத்தரிக்காமல் விடுதலும் அவ்வுயிர்க்கு இம்சையே.

இம்சையின் இலக்கணம்

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் விரதங்களைப் பற்றியது. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்குத் தீங்கு விளைத்தலே இம்சை என்பது அங்கே கூறப்படும் இலக்கணத்தின் கருத்து. 'பிரமாதம்' என்ற சொல்லை நாம் அன்றாடப் பேச்சில் சிறப்பு என்ற பொருளில் வழங்குகிறோம். சமண நூல்களில் அதன் பொருள் விழிப்பின்மை, அசட்டை என்பதாகும். கையில் கத்தரி இருக்கிறதா என்பதை மட்டும் நோக்கி இம்சையைத் தீர்மானித்தல் இயலாது. அதனைப் பிடித்தவன் உள்ளத்தில் விழிப்பு இருந்ததா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பெரும் பண்ணைகளில் ஆட்டின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தருவது வழக்கம். இரண்டு மூன்று நிமிடங்களில் ஓர் ஆட்டை முடித்துவிடும் விரைவே அங்குத் திறமையாகப் போற்றப்படுகிறது. விரைவு மிகின் தோல் கிழிதலும் மிகும். அக்கிழிசல் பிரமாதத்தின் நேர்விளைவு. சிறுபண்ணையாளன் ஒரு நாளில் பத்து ஆடுகளை மட்டும் கத்தரித்தாலும், ஒன்றும் குருதி சிந்தாதாயின், அவனே மேலான தொழிலாளன்.

கத்தரிக்கும் முறை

நம் நாட்டில் கம்பளியாடுகளை ஆண்டுக்கு இருமுறை, அதாவது குளிர்காலம் முடிந்த பின்னரும் மழைக்காலம் முடிந்த பின்னரும் கத்தரிக்கும் வழக்கம் பல பகுதிகளில் உண்டு. கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. உரோமம் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரமான உரோமம் கத்தரியில் சிக்கித் தோலையும் இழுக்கும்.

2. முதல்நாள் இரவு தீனி நிறுத்தப்படல் வேண்டும். நிறைந்த வயிற்றோடு ஆட்டை மல்லாத்தினால் மூச்சுத் திணறும். நோயாளிக்கு அறுவைச் சிகிச்சைக்கு முன் உணவை நிறுத்துவது போன்றது இது. ஆயினும் ஓர் இரவுக்கு மேல் பட்டினியை நீட்டித்தல் பிழை.

3. ஈனும் நாள் நெருங்கிய சினையாட்டைக் கத்தரித்தல் கூடாது. குட்டிக்கும் தாய்க்கும் கேடு நேரும்.

4. தூய தரையில் ஆட்டைப் பின்புறம் ஊன்றி உட்காருமாறு சாய்த்து, முதுகைக் கத்தரிப்பவன் கால்களில் தாங்கிக் கொள்ள வேண்டும். நிலை கொண்ட ஆடு திமிறாது. அல்பாக்காவை மட்டும் தரையில் கிடத்தி, முன்பின் கால்களை மெல்லிய கயிற்றால் நீட்டிப் பிணைப்பர். திடீரென உதைத்துத் தன்னையே வெட்டிக்கொள்ளாதிருக்க அப்பிணைப்புத் தேவை. பணி முடிந்ததும் உடனே அவிழ்த்தல் வேண்டும்.

5. வயிற்றில் தொடங்கிப் பக்கங்களுக்கும் முதுகுக்கும் செல்வது வழக்கம். மற்றொரு கையால் தோலை இழுத்து மடிப்பின்றிப் பிடித்தல் இன்றியமையாதது. விலா ஓரம், தொடை இடுக்கு, மடிக்காம்பு, காது ஆகிய இடங்களில் கத்தரி மிக மெல்லச் செல்ல வேண்டும்.

6. காயம் ஏற்பட்டால் அப்பொழுதே டிஞ்சர் அயோடின் தடவி, ஈ மொய்க்காதிருக்கும் மருந்தும் இடுதல் வேண்டும்.

7. கத்தரித்த உடலுக்குச் சில நாள்கள் வெயிலும் குளிரும் மிகுதியாக உறைக்கும். நிழலும், காற்று நேரே வீசாத இடமும் தருதல் கடமை.

ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் முனிவர் கைக்கொள்ளும் கவனத்தை ஆதான நிக்ஷேபண சமிதி என்கிறோம். உயிருள்ள உடல்மீது கருவியை வைத்தெடுக்கும் இல்லறத்தான் அக்கவனத்தின் ஒரு பங்கையேனும் பெற்றிருத்தல் வேண்டாவா?

ஐந்து அதிசாரங்கள்

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்கள் கூறப்பட்டுள்ளன. தத்துவார்த்த சூத்திரத்திலும், சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்திலும் இவை இடம்பெற்றுள்ளன. இவற்றை மனப்பாடமாக ஒப்பிக்கும் சிறுவர் நம் ஊர்களில் உளர். ஆனால் கால்நடை வைத்திருப்போர்க்கு இவை அன்றாடம் பயன்படும் பராமரிப்பு விதிகள் என்பதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலாவது பந்தம், அதாவது கட்டுதல். நேமிநாத தீர்த்தங்கரர் தம் திருமணத்திற்காகப் பட்டியில் அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் கதறலைக் கேட்டுத் துறவு பூண்டார். முன்னாளில் செங்கல்பட்டு மாவட்டத்துள் அடங்கியிருந்த திருப்பருத்திக்குன்றத்துத் திருக்கோயிலின் கூரை ஓவியங்களில் நேமிநாதர் வரலாற்றுக் காட்சிகளும் உள்ளன. அதனைக் கண்டு வணங்கும் நாம் நம் தொழுவத்துக் கயிற்றின் நீளத்தையும் காண வேண்டும். விலங்கு படுக்கவும் எழவும் திரும்பவும் இயலாத கயிறு அதிசாரமே. கடற்கரையில் வாழ்வோர்க்கு மற்றொன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. இத்தகைய நாளில் தாழ்வான தொழுவத்தில் கட்டப்பட்ட விலங்கு வெள்ளத்திலிருந்து தப்ப இயலாது. எச்சரிக்கை வந்தவுடன் மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்லுதல் வேண்டும். அது முடியாதெனின் கயிற்றையாவது அவிழ்த்துவிட வேண்டும்.

இரண்டாவது வதம், அதாவது அடித்தல். செம்மறியாடு முன்செல்லும் ஆட்டைப் பின்பற்றும் இயல்பினது. ஒன்றை அமைதியாக நடத்தினால் ஏனையவை தாமே வரும். அஞ்சிய மந்தைதான் சிதறும். கோலின் தேவை பெரும்பாலும் மேய்ப்பவன் அவசரத்திலிருந்து பிறக்கிறது.

மூன்றாவது சேதம், அதாவது உறுப்பை அறுத்தல். உரோமம் உறுப்பன்று, அதனைக் கத்தரித்தல் சேதத்தில் அடங்காது. ஆனால் தோலைக் கிழித்தல் அடங்கும். ஈப்புழுவைத் தடுக்கவென்று மெரினோ ஆட்டுக்குட்டிகளின் பின்புறத் தோலை அறுத்தெடுக்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் உண்டு. நியூசிலாந்து 2018ஆம் ஆண்டு அதனைத் தடை செய்தது. கம்பளி ஆடை வாங்கும் நம் குடும்பத்தினர் இதனை விசாரித்து வாங்குதல் நலம். சிராவகர் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களை ஹேமசந்திர ஆசாரியரின் யோகசாத்திரம் எண்ணுகிறது. விலங்கிற்குச் சூடிடுதல், காது அறுத்தல் போன்ற தொழில் அவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது.

நான்காவது மிகைப்பாரம் ஏற்றுதல். உழவு மாட்டிற்கும் வண்டி மாட்டிற்கும் இது வெளிப்படை. ஆட்டிற்கோ, இளைப்பாற இடைவெளியின்றி மீண்டும் மீண்டும் சினைப்படுத்துதலும், இடமில்லாத கொட்டகையில் நெருக்கி அடைத்தலும் மிகைப்பாரமே. வளர்ந்த ஆடு ஒன்றிற்கு ஏறத்தாழ 10 சதுர அடி இடமேனும் வேண்டும்.

ஐந்தாவது அன்னமும் பானமும் மறுத்தல். மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்துப் பாறைச் சிற்பத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டு நிற்கும் காட்சி உள்ளது. கன்றைத் தாயிடமிருந்து விலக்காமல் கறக்கும் அக்காட்சி, கன்றின் பங்கையும் நமக்கு நினைவூட்டுகிறது. செங்கல்பட்டுச் சீமையின் சித்திரை வைகாசி வெயிலில் மந்தையைக் காலை பத்து மணிக்குள் நிழலுக்குக் கொணர்ந்து, மாலை நான்கு மணிக்குப் பின்னரே மீண்டும் மேய்ச்சலுக்கு விடுதல் நலம். தூய நீர் நாள் முழுதும் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். ஏரிக்கரைச் சேற்றிலுள்ள நத்தைகள் வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு பரவுமாதலால், தேங்கிய நீரைப் பருகவிடுதல் நன்றன்று.

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படிப்போர் வியப்படைவர். அடித்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், குறுகிய கயிற்றில் நெடுநேரம் கட்டுதல், உணவும் நீரும் இருப்பிடமும் தாராமை, உறுப்பைச் சிதைத்தல் ஆகிய ஐந்தும் அங்கே குற்றங்களாக உள்ளன. பாராளுமன்றம் இயற்றிய விதியும் நம் ஆசாரியர் உரைத்த அதிசாரமும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. சட்டம் செயலைத் தண்டிக்கிறது. அறநூலோ அச்செயலுக்கு வித்தான அசட்டையையே களையச் சொல்கிறது.

நம் மண்ணுக்கு உரியது எது?

இனி, அல்பாக்காவைச் செங்கல்பட்டுக்குக் கொணரலாமா என்ற வினாவுக்கு வருவோம். குளிர்ந்த, வறண்ட மலைக்காற்றுக்கு அமைந்த உடல் அது. வயிறு, தொடை இடுக்கு போன்ற உரோமம் குறைந்த பகுதிகள் வழியாகவே தன் வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றும். கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. வெம்மையும் ஈரமும் சேர்ந்த நாள்கள் இங்கே ஆண்டின் பெரும்பகுதி. எத்துணை அன்போடு பேணினும், அவ்வுயிரை இங்கே வைத்திருப்பதே அதற்குத் துன்பமாகும். ஆதலின் கொணரலாகாது என்பதே நம் விடை.

தமிழகத்தில் கம்பளிக்குரிய இடம் மலையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆடுகளோடு மெரினோ முதலிய அயல் இனங்களைக் கலந்து நீலகிரி ஆடு உருவாக்கப்பட்டது. உதகை அருகே சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைப் பேணி வருகிறது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளுக்கு உரிய இனம் மெட்ராஸ் ரெட் எனப்படும் சென்னைச் சிவப்பு ஆடு. கடா ஏறத்தாழ 35 கிலோவும், பெட்டை 23 கிலோவும் இருக்கும். செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வினத்தின் மேம்பாட்டுப் பணி நடைபெறுகிறது. இதன் உடலில் கம்பளி இல்லை. குட்டையான முடியே உண்டு. கத்தரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் இவ்வெயிலுக்கென அமைந்த உடல் அது.

ஆனால் இவ்வாடு பெரிதும் இறைச்சிக்காகவே வளர்க்கப்படுகிறது என்பதனை மறைத்தல் கூடாது. விற்பனைக்காக இதனை வளர்த்தல் நமக்கு அறவே ஆகாது. நம் குடும்பங்கள் பரம்பரையாக உழவுத் தொழில் புரிவன. அறுவடைக்குப் பின் இடையர் மந்தையை நம் கழனியில் இரவு தங்கவைத்துக் கிடை போடும் வழக்கம் உண்டு. ஆட்டெருவும் ஆட்டுச் சிறுநீரும் நிலத்தை வளப்படுத்துகின்றன. நாம் கொள்வது எரு மட்டுமே. அந்த இரவுகளில் மந்தைக்கு நீரும், மேடான உலர்ந்த இடமும், நாய்களிடமிருந்து காவலும் தருதல் நில உரிமையாளர் என்ற முறையில் நம் கடன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிறு கொசுவினப் பூச்சிகளால் நீலநாக்கு நோய் பரவும். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி முதலிய நோய்களும் உண்டு. தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளை இடையருக்கு முன்கூட்டியே அறிவித்தலும் ஒரு ஜீவதயையே.

முதுமை

உரோமம் தரும் விலங்கை வளர்ப்போரிடம் அறம் கேட்கும் கடைசி வினா ஒன்று உண்டு. உரோமம் குறைந்து, ஈனும் வலிமையும் தளர்ந்த பின் அவ்வுயிரின் நிலை என்ன? அல்பாக்கா 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். ஆடும் பத்தாண்டு வரை வாழக்கூடும். வருவாய் நின்ற ஆண்டுகளுக்கும் தீனி, மருந்து, நிழல் வேண்டும். அச்செலவைக் கணக்கில் சேர்க்காமல் தொடங்கும் பண்ணை, தன் முடிவைக் கசாப்புக் கடையில் வைத்தே தொடங்குகிறது. நேரே கொல்லாவிடினும், கொல்வோன் கையில் விற்பது நம் விரதத்தைக் காவாது.

முதிர்ந்த விலங்குகளைப் பேணுவதற்கென்றே சமண மரபில் பிஞ்சராப்போல்கள் எழுந்தன. சென்னை அயனாவரத்தில் 1906ஆம் ஆண்டு முதல் அத்தகைய நிலையம் ஒன்று உள்ளது. சீவகசிந்தாமணியில் குணமாலையார் இலம்பகத்தில், அடியுண்டு சாகும் நிலையிலிருந்த நாய் ஒன்றின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் அவனுக்கு எப்பயனும் தந்ததில்லை. பயன் கருதாது இறுதிவரை உடன் நிற்றலே தயை என்பதனை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஆகவே இளைஞர்க்கு நாம் கூறும் விடை இது: ஓர் உயிரை விலைக்கு வாங்குமுன், அதன் கடைசி நாள்வரை பேணும் பொருளும் பொறுமையும் உள்ளனவா என எண்ணுக. உண்டெனின், இம்மண்ணுக்கு உரிய உயிரைத் தேர்ந்து, ஐந்து அதிசாரங்களையும் விலக்கிப் பேணுக. இல்லையெனின் வாங்காதிருப்பதே அகிம்சை.

பாடசாலை மாணவர்க்கு வினாக்கள்

1. 'பிரமாதம்' என்ற சொல்லுக்குச் சமண நூல்கள் கொள்ளும் பொருள் யாது? அது உரோமம் கத்தரிக்கும் தொழிலுக்கு எவ்வாறு பொருந்தும்?

2. கத்தரிக்குமுன் ஓர் இரவு தீனி நிறுத்துதல் ஐந்தாம் அதிசாரமாகாதது ஏன்? எப்பொழுது அது அதிசாரமாகும்?

3. கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களையும், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறும் குற்றங்களையும் இணைத்து எழுதுக.

4. உங்கள் வீட்டுத் தொழுவத்தில், அல்லது அண்டை வீட்டுத் தொழுவத்தில், கயிற்றின் நீளம், நீர்த்தொட்டி, நிழல் ஆகிய மூன்றையும் பார்த்து, திருத்த வேண்டியது எதுவெனப் பெற்றோரிடம் கூறுக.